ஐந்தாவது ஜாடி வேர்க்கிறது

ஒரு சொம்புத் தண்ணீர் போதும். ஐந்து ஜாடிக்கும் பங்கு போட்டு ஊற்றினால் பத்து நாளில் ஐந்தும் அழுகிவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் மேல்வீட்டுக்காரன் மகள்தான். எனக்கில்லை, என் மனைவி மரகதத்துக்குச் சொன்னாள். மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அத்தை, வாடினாகூட பரவாயில்லை, தண்ணி மட்டும் ஜாஸ்தி ஆவக்கூடாது, இதுக்கு அடியில ஓட்டையே கிடையாது, ஊத்துனது எங்கயும் போவாது, கூழாங்கல்லுக்கு மேல தண்ணி நின்னா வேர் அழுகிடும் என்று ரோஸ்லின் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் கதவுக்குப் பின்னால் பனியனோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கும்போதே இது எனக்காகச் சொல்லப்படுகிற செய்தி என்று தெரிந்துவிட்டது. முப்பத்தெட்டு வருடம் ஒருவனை என்ன செய்யலாம் என்று யோசித்தவனுக்குத்தான் அந்த இரண்டு வரி அப்படிக் கேட்கும். சாவியை மரகதம்தான் வாங்கினாள். என்னைக் கேட்டிருந்தால் வாங்கவிட்டிருக்க மாட்டேன். ஆனால் அவளுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது, இது சாவியை வாங்கும்போதே அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டாருக்கு உதவி என்று பெயர், உள்ளே என்னை மேலே அனுப்புகிற கணக்கு. கீழ்வீட்டில் தணிகாசலமாகிய நான், மேல்வீட்டில் யேசுபாதம். குடிசை மாற்று வாரியம் சீட்டுக் குலுக்கிப் போட்ட இடம் இது. சீட்டுக்கு எது பழைய பகை என்று தெரியாது. எட்டு வருடமாக என் தலைக்கு மேல் அவன் நடக்கிறான். நாற்காலியை இழுக்கிறான். காலையில் தொண்டையைச் செருமுகிறான். நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று அவன் கண் ஆபரேஷன் முடிந்தும் சர்க்கரை இறங்காமல் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான், நான் அவன் வீட்டு நடுக்கூடத்தில் சொம்போடு நிற்கிறேன். சொம்பு நிறைய இருக்கிறது. குழாயில் பிடித்துக்கொண்டு வந்தேன். தளும்பி மொசைக் தரையில் இரண்டு சொட்டு விழுந்தது, காலால் துடைத்தேன். ஏன் துடைத்தேன்? தடயம் இருக்கக்கூடாது. போலீசுக்கும் ஆலை நிர்வாகத்துக்கும் தடயம் கொடுக்காமலே வளர்ந்தவன் நான்.

ஜன்னலோரம் மரப்பலகை, அதன்மேல் வரிசையாக ஐந்து. டெரேரியம் என்கிறாள் ரோஸ்லின். மரகதம் பாட்டில் செடி என்கிறாள். கண்ணாடிக்குள் அடியில் கூழாங்கல், அதன்மேல் கரித்துண்டு, அதன்மேல் மண், மண்மேல் பாசி, பாசியிலிருந்து ஒரு செடி, எல்லாவற்றுக்கும் மேலே மூடி. பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. அவன் சொல்லச் சொல்ல மகள் எழுதியது. எண் போட்டு எழுதியிருக்கிறாள். அது அவன் பழக்கமில்லை, என் பழக்கம். கோரிக்கையை எண் போட்டு எழுத வேண்டும், இல்லாவிட்டால் நிர்வாகம் எதையாவது விழுங்கிவிடும் என்று சங்கத்தில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒன்று, நரம்புச் செடி, ஆறு சொட்டு. இரண்டு, சின்னப் பெரணி, நான்கு சொட்டு. மூன்றும் நான்கும் பாசி மட்டும், உள்பக்கம் வேர்த்திருந்தால் தண்ணீர் வேண்டாம், வேர்க்காவிட்டால் மூன்று சொட்டு. ஐந்து, தொடவே வேண்டாம், ஒன்பது வருடமாகத் திறக்கவில்லை, வேர்க்கிறதா என்று பார்த்தால் போதும். காகிதத்தின் பக்கத்தில் ஒரு ஃபில்லர். பேனாவுக்கு மை அடைக்கிற ஃபில்லர். அதைக் கையில் எடுத்ததும் ரப்பர் வாசனை வந்தது, விரல் தானாக அழுத்தியது. இந்த வாசனையில்தான் நான் படித்தேன். பள்ளிக்கூடம் எனக்கு நாலாவதோடு சரி. மீதி முழுவதும் துண்டறிக்கைதான். எழுத்துக் கூட்டி வாசித்த முதல் நீளமான சொல் 'சுரண்டல்'. இரண்டாவது 'பேச்சுவார்த்தை'. பத்து வருடத்தில் நானே எழுத ஆரம்பித்தேன். என் வாக்கியத்தை வாயிலில் நின்று ஐந்நூறு பேர் சேர்ந்து வாசிப்பார்கள். ஒரு வாக்கியத்தை எங்கே முடித்தால் கை தூக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். சரி. முதல் ஜாடி. மூடியைத் திறந்தேன். ஆறு சொட்டு. ஏன் ஆறே சொட்டு? சொம்பு இருக்கிறதே? இருக்கட்டும். எதையும் முறைப்படி செய்ய வேண்டும். முன்னறிவிப்பு கொடுக்காமல் நான் ஒரு வேலைநிறுத்தமும் செய்ததில்லை. முதலில் சொன்னபடி செய்வது, பிறகு செய்ய வேண்டியதைச் செய்வது. இரண்டாவது ஜாடி. நான்கு சொட்டு. பெரணியின் நுனி சுருண்டு, உள்ளே கைவிட்டால் விரலைப் பிடித்துக்கொள்ளும் போல இருந்தது. பிடிக்கட்டும். அடுத்த வாரம் கறுத்துப் போகும்போது யாரைப் பிடிக்கும் என்று பார்க்கலாம்.

வெயில் பலகைமேல் ஏறுகிறது. கண்ணாடியில் வெயில் பட்டால் எனக்கு இன்றும் உலைதான் ஞாபகம் வரும். கண்ணாடி ஆலையில் உலை அணைவதே கிடையாது. பொங்கலுக்கும் அணையாது, முதலாளி செத்த அன்றும் அணையவில்லை. அணைந்தால் தொட்டியில் உருகி நிற்கிற கண்ணாடி இறுகும், செங்கல் வெடிக்கும், அவ்வளவுதான், ஆலை பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியதுதான். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எத்தனை பெரிய வேலைநிறுத்தமாக இருந்தாலும் பன்னிரண்டு பேர் உள்ளே இருப்பார்கள். உற்பத்தி கிடையாது, சூட்டை மட்டும் விடாமல் பிடித்துவைப்பார்கள். உலைக்காவல் என்று பெயர். சங்கம் அனுப்புகிற ஆட்கள், சங்கம் போடுகிற சோறு. அந்த முறை காவலுக்குத் தலைவன் யேசுபாதம். நான்தான் அவன் பெயரை எழுதினேன். நாற்பத்தேழாம் நாள், வாயிலில் பட்டினியில் ஆட்கள் விழ ஆரம்பித்தபோது, நான் செயற்குழுவில் சொன்னேன், காவலை வெளியே கூப்பிடுவோம், உலை அணையட்டும், அப்போதுதான் நிர்வாகம் முழங்காலில் இறங்கும் என்று. பதினோரு பேர் ஓட்டுப் போட்டோம். ஏழுக்கு நாலு. தீர்மானத்தை எழுதி மடித்து மதியச் சோற்று டிபன் கேரியரில், சாம்பார் கிண்ணத்துக்கு அடியில் வைத்து உள்ளே அனுப்பினோம். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் வெளியே வந்துவிட்டார்கள். யேசுபாதமும் நாலு பேரும் வரவில்லை. நான் வாயிலுக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் ஏறி நின்று புகைபோக்கியைப் பார்த்தேன். புகை வந்துகொண்டே இருந்தது. மறுநாளும் வந்தது. நின்றுவிடும் என்று ஒவ்வொரு காலையும் பார்த்தேன். அஞ்சு பேர் பன்னிரண்டு பேர் வேலையைச் செய்துகொண்டு, தூங்காமல், அந்த வெள்ளை நெருப்பைப் பார்த்துப் பார்த்துச் சூடு பிடித்துக்கொண்டிருந்தார்கள். எழுபத்தோராம் நாள் நிர்வாகம் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியது. உலை தயாராக இருந்தது. ஊதுகுழலை எடுத்து ஊத வேண்டியதுதான் பாக்கி. நாற்பத்து மூன்று பேர் வேலைநீக்கம், பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. இரண்டு வருடத்தில் அவன் ஃபோர்மேன். கருங்காலி என்று அவன் வீட்டுச் சுவரில் எழுதினேன். தாரில் எழுதினேன், சுண்ணாம்பு அடித்தாலும் மேலே வரும். அவன் அடித்தான், அது வந்தது. மறுபடி அடித்தான், மறுபடி வந்தது. ரோஸ்லின் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் பிறந்தாள்.

மூன்றாவது ஜாடி வேர்த்திருக்கிறது. வேண்டாம். நான்காவது வேர்க்கவில்லை, மூன்று சொட்டு. என் கை எதற்கு இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது? பதினொரு வருடம் கழித்து நிர்வாகமே அந்த உலையை அணைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், இரண்டு மணிக்கு எண்ணெய்க் குழாயை மூடினார்கள், நிலத்தை விற்றார்கள். எழுபத்தொரு நாள் அவன் கண்ணைக் கொடுத்துக் காப்பாற்றியதை ஒரு திருகலில் மூடினார்கள். அன்று நான் சந்தோஷப்பட்டேன். பிரியாணி வாங்கிக்கொண்டு வந்தேன். மரகதம் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்றாள். அவன் கண் இரண்டிலும் பூ விழுந்து பால்போல் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டபோதும் சந்தோஷப்பட்டேன். உலைக்கண் என்று ஆலையில் சொல்வோம், நெருப்பைப் பார்க்கிறவனுக்கு வருவது. அவனுக்கு இந்தச் செடிகள் ஒழுங்காகத் தெரிந்தே ஆறேழு வருடம் இருக்கும். மகள் தண்ணீர் விடுவாள், அவன் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துக் குளிர்கிறதா என்று பார்ப்பானாம். பார்க்கட்டும். குளிராது. ஒன்றும் இருக்காது, கறுத்த சேறுதான் இருக்கும். அவன் கையை வைத்துத் தடவும்போது நான் கீழே என் கட்டிலில் படுத்துக்கொண்டு மேலே நாற்காலி இழுபடுகிற சத்தத்தைக் கேட்பேன். அது போதும் எனக்கு. கீழே படியடியில் மரகதத்தின் குரல். இன்னாய்யா, செடிங்களுக்கு கேட் மீட்டிங் போட்டுனு இருக்கியா, அரை மணி நேரம் ஆவுது என்கிறாள். முடியல என்றேன். ரோஸ்லின் போன் பண்ணும், என் போன் உன் சட்டைப் பையிலதான் கீது, எடுத்துப் பேசு, கடிக்காதே என்றாள். இவளுக்கு எப்போதும் எல்லாமே சின்ன விஷயம். எனக்கு வேலை போன மாதமும் இப்படித்தான் பேசினாள்.

ஐந்தாவது ஜாடி பெரியது. மற்ற நாலும் கடையில் வாங்கியவை. இது ஆசிட் ஜாடி, எங்கள் ஆலையில் ஊதியது, கை நுழைகிற வாய், பானைபோல வயிறு. கார்க் மூடி, சுற்றிலும் மெழுகு. உள்ளே என்ன இருக்கிறது என்றே சரியாகத் தெரியவில்லை, அவ்வளவு வேர்வை. பச்சையாக ஏதோ நெருக்கமாக நிற்கிறது. ஒன்பது வருடம் ஒரு சொட்டு இல்லாமல் தன் வேர்வையையே குடித்துத் தழைத்திருக்கிறது. இதிலிருந்து ஆரம்பிப்போம். முழுச் சொம்பும் இதற்குத்தான். மற்றவை பிழைத்துப் போகட்டும், அவனுக்கு எது முக்கியமோ அது போகட்டும். அடுக்களையிலிருந்து கத்தி எடுத்து வந்து மெழுகைச் சுரண்டினேன், கார்க் ஒரு முனகலோடு வந்தது. மழை பெய்து விட்டதும் வருமே மண் வாசனை, அந்த வாசனை முகத்தில் அடித்தது. சொம்பைச் சாய்க்கப் போனேன். அப்போதுதான் கழுத்தில் விரல் பட்டது. கழுத்து விளிம்புக்குள் மெல்லிய வரி ஓடியது. வரி எல்லா ஜாடியிலும் இருக்கும், குழலைச் சுழற்றி வாயை முடிக்கும்போது விழுகிற கோடு. ஊதுகிறவன் கை எப்படியோ அப்படி விழும். எல்லோரும் வலக்கைக்காரர்கள். ஆலையிலேயே இடக்கை ஒருவனுக்குத்தான். சொம்பைக் கீழே வைத்தேன். தோள்துண்டை உருட்டி உள்ளே விட்டுக் கழுத்திலும் வயிற்றிலும் இருந்த வேர்வையைச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன், வெளிச்சத்துக்குத் திருப்பினேன். கோடு இடப்பக்கமாகச் சுற்றுகிறது. என் கையெழுத்தை நான் பார்த்து முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. இதை நான் ஊதியிருக்கிறேன். முப்பத்து நாலு வயதில், இரண்டு கன்னமும் பந்துபோல உப்பி, இந்த வயிறு முழுவதும் என் மூச்சு. இப்போது கன்னம் இரண்டும் காலிப் பைபோலத் தொங்குகிறது, பல்செட் ஆடுகிறது, இரண்டாவது படியில் நின்றுதான் மூன்றாவது ஏறுகிறேன். இதை அவன் எங்கிருந்து எடுத்தான்? ஆலையை மூடியபோதா? குப்பையிலிருந்தா? கேலிக்கு வைத்திருக்கிறானா, பார், உன் மூச்சில் என் செடி வளர்கிறது என்று? கேலியாகத்தான் இருக்க வேண்டும். வேறு எதுவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். மூச்சு. அந்தச் சொல்லை நான் நினைக்கக்கூடாது. நினைத்தால் அந்தத் துண்டறிக்கை வரும். வந்துவிட்டது. முதல் நாள் துண்டறிக்கை, நான் எழுதியது, ஐந்நூறு பேர் வாசித்தது. 'உலை முதலாளியின் சொத்தல்ல, தொழிலாளியின் மூச்சு. அதை அணையவிடமாட்டோம்.' கை தூக்கினார்கள். ஓசைக்காக எழுதினேன். 'சொத்தல்ல' என்று நிறுத்தியதும் அடுத்து ஒரு சொல் வேண்டியிருந்தது, மூச்சு வந்தது, மூச்சு வந்ததும் அணையவிடமாட்டோம் வந்தது. அவ்வளவுதான். நாற்பத்தேழாம் நாள் நான் அதை மறந்திருந்தேன். அவன் மறக்கவில்லை. அன்று சாயங்காலம் டிபன் கேரியர் திரும்பி வந்தபோது செயலாளர் என்ற முறையில் நான்தான் திறந்தேன். சாம்பார் கிண்ணத்துக்கு அடியில் என் துண்டறிக்கை எட்டாக மடித்து இருந்தது. அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு. வேறு எதுவும் எழுதவில்லை. அவனுக்கு எழுதத் தெரியாது, கோடு போடத் தெரியும். பக்கத்து அறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் போய், பதில் இல்லை என்றேன். காகிதத்தை டீக்கடை அடுப்பில் போட்டேன். எண்ணெய் பட்ட காகிதம், சட்டென்று எரிந்தது. பதில் இல்லை என்று சொன்ன பிறகுதான் கருங்காலி என்று தீர்மானம் போட்டார்கள். அதை மரகதத்துக்குக்கூடச் சொல்லவில்லை.

போன் அடித்தது. நெஞ்சுக்கு மேலே அடித்ததில் துண்டைக் கீழே போட்டுவிட்டேன். ரோஸ்லின். மாமாவா, அத்தை இல்லியா என்றாள். பிறகு அந்தப் பக்கம் யாரிடமோ, அப்பா, தணிகாசலம் மாமா எடுத்திருக்காரு என்றாள். ஆஸ்பத்திரியில் ஏதோ தள்ளுவண்டி போகிற சத்தம். வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைத்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன்.

"தணிகையா?"

குரல் கிழவனுடையதாக இருந்தது. அவனும் கிழவன் ஆகியிருப்பான் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. ம் என்றேன்.

"அஞ்சாவது வேர்க்குதா?"

ஜாடி என் முன்னால் திறந்து நிற்கிறது. துடைத்துவைத்த கண்ணாடி, துளி ஈரமில்லை, அந்தப் பக்கத்துச் சுவர்க் காலண்டர் தெரிகிறது. உள்ளே இருப்பதும் பெரணிதான், நேராக என்னைப் பார்த்து நிற்கிறது. கார்க் என் கையில்.

"வேர்க்குது," என்றேன்.

"சரி." மூச்சு விட்டான். "அது உன் ஜாடி. தெரிஞ்சிருக்கும்."

"என் ஜாடிய எனக்கே சொல்றியா, கருங்காலி."

சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான். இருமலும் சிரிப்புமாக வந்தது. "முப்பத்தெட்டு வருஷமா செவுத்துல எழுதுன. இன்னைக்குத்தான்டா நேர்ல சொல்ற." பிறகு சிரிப்பு நின்றது. கட்டுப் போட்ட கண்ணோடு அவன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசுகிறானோ தெரியவில்லை. "ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா. அன்னைக்கு கேரியர்ல ஒரு நோட்டீஸ் வெச்சு அனுப்பினேன். வந்துச்சா உங்களுக்கு?"

வரவில்லை என்று சொல்லலாம். வழியில் விழுந்திருக்கும் என்று சொல்லலாம். வாட்ச்மேன் எடுத்திருப்பான் என்று சொல்லலாம், வாட்ச்மேன் செத்து இருபது வருடம் ஆகிறது. எத்தனை வாயிற்கூட்டம் பேசியிருக்கிறேன். வெயில் சொம்புத் தண்ணீரில் பட்டு விட்டத்தில் ஒரு வட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

"வந்துச்சு," என்றேன். "எனக்கு மட்டும்."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் திட்டலாம், அதற்கு வார்த்தை என்னிடம் நிறைய இருக்கிறது. அவன், ஞாயித்துக்கெழமை விட்டுருவாங்களாம், வந்து பேசிக்கிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை மகளிடம் கொடுத்துவிட்டான். வந்து பேசிக்கிறேன். அந்த வார்த்தையை நிர்வாகத்துக்கு நாங்கள் சொல்வோம்.

பேசட்டும். நானும் பேசுவேன். வந்துச்சு என்று சொன்னதால் அவன் செய்தது சரி என்று ஆகிவிடாது. நாற்பத்து மூன்று குடும்பம். அதில் இரண்டு பேர் ரயிலில் விழுந்தார்கள். ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தவன் அவன், அதை மறைத்தவன் நான், ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசலாம், எண் போட்டுப் பேசலாம். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். கொடுக்கவும் மாட்டேன். ஆனால் இந்த ஜாடி. வேர்க்குது என்று சொல்லியிருக்கிறேன். அவன் வந்ததும் முதல் வேலையாகப் புதுக் கண்ணால் இதைத்தான் பார்ப்பான். உள்ளே காய்ந்துபோய்ப் பளபளவென்று இருந்தால் திறந்தேன் என்று தெரிந்துவிடும். திறந்தது தெரிந்தால் சொம்பு தெரிந்துவிடும். இன்றைக்கு ஒரு உண்மை சொன்னது போதும், இரண்டாவதில் அகப்பட மாட்டேன். சொம்பைப் பார்த்தேன். சொட்டு விட்டால் போதுமா? எத்தனை சொட்டு? காகிதத்தில் ஐந்தாவதற்கு எண் இல்லை. ஒன்பது வருடம் தண்ணீரே கேட்காததற்கு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? ஒரு சொட்டு கூடினால் அழுகும்.

பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். ஜாடியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு விளிம்பில் வாயை வைத்தேன். குழலில் வைத்த பழக்கத்தில் உதடு தானே குவிந்தது. ஊதினேன். முதல் மூச்சு பாதியிலேயே இருமலாகிவிட்டது. இரண்டாவது மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்தேன், தொங்கின கன்னம் நிரம்பி இழுத்தது, காதுக்குள் அடைத்தது. பெரணி உள்ளே அசைந்தது. கழுத்தருகில் ஒரு வெண்மை படிந்து, மெல்லக் கீழே இறங்கியது. மூன்றாவது. நான்காவது. காலண்டர் மங்கியது, பிறகு மறைந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்ததும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து மரகதம், இன்னாய்யா அங்க சத்தம், மூச்சு வாங்குதா, மேல வரட்டுமா என்று கேட்கிறாள். நீ வராதே, கால் வலிக்கும் என்றேன். அவன் சாமி படத்துக்கு முன்னால் பாதி எரிந்து நின்ற மெழுகுவர்த்தியை எடுத்துப் பற்றவைத்தேன், கார்க்கை அழுத்தி மூடிச் சுற்றிலும் உருக்கிவிட்டேன். உள்ளே ஒரு துளி சேர்ந்து, கனத்து, கண்ணாடி வழியாக ஓடிப் பாசியில் விழுந்தது. வேர்க்கிறது. வரட்டும், கருங்காலி. சொம்புத் தண்ணீரை அண்ணாந்து நானே குடித்தேன், கடைசிச் சொட்டு வரை.